செல்லூரில் முட்டை விலை

மதுரை செல்லூரில் விற்கும் முட்டைக்கு நாமக்கல்லில் விலை வைக்கிறார்கள். பண்ணை விலையை அங்கே அறிவித்த ஓரிரு நாளில், சுமார் 180 கிலோமீட்டர் தெற்கே, வைகையின் வடகரையில் இருக்கும் இந்த நெசவாளர் பகுதியின் மளிகைக்கடைகளில் விலை நகர்கிறது. லாரி வாடகை, இறக்குகூலி, உடைசல், மொத்த வியாபாரியின் பங்கு, கடைக்காரரின் பங்கு எல்லாம் சேர்ந்து முட்டைக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் கூடிவிடும். இந்த ஏற்பாடு வந்து இன்னும் அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் முட்டை விலை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறாக இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் நேரில் பேசி முடித்தார்கள்.

பண்ணைகள் வருவதற்கு முன் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் கோழி பெண்களின் சொத்து. பகலில் குப்பைமேட்டில் மேய்ந்து, இரவில் பஞ்சாரத்துக்குள் அடையும் நாட்டுக்கோழிக்குத் தீனிச் செலவு என்று எதுவும் இல்லை. அதற்கேற்ப வரவும் குறைவுதான். ஆண்டுக்கு 50, 60 முட்டை இட்டால் அது நல்ல கோழி. பத்துப் பதினைந்து இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சில வாரம் திரிந்து முடிக்கிறவரை அடுத்த முட்டை கிடையாது. முட்டையாக விற்பதைவிடக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, பெட்டையாகவோ நேர்த்திக்கடனுக்கு உதவும் சேவலாகவோ விற்பதில்தான் காசு அதிகம். அதனால் அடைக்கு வைத்தது போக மிஞ்சிய முட்டைதான் நகரத்துக்கு வந்தது. விற்ற காசு வீட்டு ஆண்களின் கணக்கில் சேராமல் சிறுவாடாகத் தங்கிவிடும்.

இந்த முட்டையும் அன்றாடச் சாப்பாடாக இருக்கவில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுத்தார்கள். மருந்துக்கு வாங்குகிறவர் விலையைப் பார்ப்பதில்லை. வாங்கும்போது பார்த்ததெல்லாம் முட்டை நல்லதா கூமுட்டையா என்பதைத்தான்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள், தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பார்கள்.

நாட்டுக்கோழியை நம்பி ஒரு நகரத்துக்கு முட்டை கொடுக்க முடியாமல் போனதற்கு இன்னொரு காரணம் வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத் ஊரின் பெயரால் கால்நடை மருத்துவர்கள் அறியும் இந்த நோய் 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் அடையாளம் காணப்பட்டது. ஒரு தெருவில் ஒரு கோழிக்கு வந்தால் சில நாளில் தெருவே காலியாகும். பத்துக் கோழி வைத்திருந்தவளிடம் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். தடுப்பூசி 1940களில் வந்தாலும் கிராமத்துப் பஞ்சாரங்களுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது.

முட்டையை விற்பனைப் பண்டமாகக் கண்ட முதல் முயற்சிகள் தமிழ்ப் பகுதியில் கிறிஸ்தவ மிஷன்களிடமிருந்து வந்தன. காட்பாடியில் ஆற்காடு மிஷனின் வேளாண் நிலையத்தை நடத்திய ஜான் டிவாலாய் வெள்ளை லெகார்ன் போன்ற சீமைச் சேவல்களைக் கிராமங்களுக்குக் கொடுத்து நாட்டுக்கோழியின் தரத்தை உயர்த்தப் பார்த்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை 1920களில் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் ஒரு படி மேலே போய் முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு அமைத்தார். உறுப்பினர்கள் கொண்டுவந்த முட்டைகளைச் சோதித்துத் தரம் பிரித்து, நல்லதை மட்டும் வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பினார்கள். சேவல் சேராத கோழியின் முட்டை சீக்கிரம் கெடாது என்பதையும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு வீட்டு முட்டை ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வீட்டுக்காரிக்கு நியாயமான விலை கிடைக்கும் என்பது ஹாட்ச் கண்ட உண்மை. அரை நூற்றாண்டு கழித்து நாமக்கல் பண்ணையாளர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். அளவுதான் மிகப் பெரியது.

இந்த முயற்சிகள் அந்தந்த ஊரோடு நின்றன. 1950–51இல் இந்தியா முழுவதும் ஆண்டுக்கு 183 கோடி முட்டைதான் உற்பத்தி, ஆளுக்கு ஐந்து. ஆண்டுக்கு ஐந்து முட்டை கிடைத்த காலத்தில் அதன் விலை ஏறினாலும் இறங்கினாலும் குடும்பச் செலவில் தெரிந்திருக்காது.

நிலைமை மாறியது 1960களில். அதிகம் முட்டையிடும் கலப்பினக் கோழிகள் வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டோடு இந்தியாவுக்கு வந்தன. 1971இல் பி.வி.ராவ் புனேயில் வெங்கடேசுவரா ஹாட்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடையில் உட்காரும் குணமே போன, கூண்டில் அடைத்த லேயர் கோழி ஆண்டுக்கு 300க்கும் மேல் முட்டையிட்டது. அதற்குத் தினமும் எடை போட்டுத் தீனி வைக்க வேண்டும், கால அட்டவணைப்படி ஊசி போட வேண்டும். குப்பைமேட்டில் மேய்ந்த காலத்தில் இல்லாத ஒரு கணக்கு இப்போது முட்டைக்கு வந்தது: அடக்க விலை. முட்டை விலையின் பிற்காலச் சண்டைகள் எல்லாம் இந்த அடக்க விலையைச் சுற்றித்தான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் நாமக்கல்லில் வேர்விட்டதற்கு வறட்சியும் லாரியும் காரணம். கிணறு வற்றிய மானாவாரி நிலத்தில் கோழிக் கொட்டகை போட்டால் தண்ணீர் அதிகம் வேண்டாம். காற்றில் ஈரம் குறைவு. கோழிக்கும் அது நல்லது. லாரிக்கும் லாரிக் கூடு கட்டுவதற்கும் அந்த ஊர் ஏற்கெனவே பேர்போனது. மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வரவும் முட்டையை ஏற்றிக்கொண்டு போகவும் வண்டி வாசலிலேயே நின்றது. 1970களில் பெருகத் தொடங்கிய பண்ணைகளுக்குத் துணையாக 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகும்போது நாமக்கல் என்றாலே முட்டை என்றாகியிருந்தது.

மதுரைக்காரர்கள் வெள்ளை முட்டையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மஞ்சள் கரு வெளிறியிருக்கிறது, ருசி இல்லை, சூடு என்று பல குறைகள் சொன்னார்கள். சேவல் சேராத முட்டையில் உயிர் இல்லை, ஆகவே அது சைவம் என்றொரு வாதம் கிளம்பி, அதை நம்பிச் சாப்பிட ஆரம்பித்தவர்களும் உண்டு. வாதத்தைவிட விலைதான் வேலை செய்தது. நாட்டுக்கோழி முட்டையில் பாதி விலைக்கும் குறைவாக, எந்த நாளும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிற பண்டத்தை எவ்வளவு காலம் ஒதுக்க முடியும்? மருந்தாக இருந்த முட்டை பத்திருபது ஆண்டுக்குள் பலகாரக்கடையின் தோசைக்கல்லுக்கு வந்துவிட்டது.

பெருகியதே பண்ணையாளர்களுக்குப் பிரச்சினையானது. 1980களின் தொடக்கத்தில் தீனி விலை ஏறிக்கொண்டே போக, முட்டை விலை அடக்க விலைக்கும் கீழே விழுந்தது. முட்டை சேமிக்கும் பண்டம் இல்லை; கோழியும் ஆள் சொன்னால் நிறுத்தாது. அன்றன்று விற்றாக வேண்டிய பண்ணையாளரிடம் வியாபாரி சொன்னதுதான் விலை. பல பண்ணைகள் மூடப்பட்டன. பி.வி.ராவ் நாடு முழுவதும் பண்ணையாளர்களைச் சந்தித்துக் கூட்டங்கள் நடத்தினார். தன் முட்டைக்குத் தானே விலை வைக்க வேண்டும் என்பது அவருடைய முழக்கத்தின் சாரம். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. அதன் நாமக்கல் மண்டலம் பிற மண்டலங்களின் விலை, கையிருப்பு, தேவை ஆகியவற்றைப் பார்த்துப் பண்ணை விலையை அறிவித்தது. தொடக்கத்தில் வாரத்தின் சில நாள்களில் மட்டும் அறிவித்தார்கள்; பின்னாளில் தினமும் அறிவிக்கும் வழக்கம் வந்தது. நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் தங்கத்துக்கு அருகில் முட்டை விலையும் இடம்பிடித்தது இப்படித்தான்.

சட்டப்படி அது பரிந்துரை விலை மட்டுமே, யாரையும் கட்டாயப்படுத்தாது. நடைமுறையில் அது மீறப்பட்டது. சரக்கு தேங்கும்போது வியாபாரிகள் அறிவித்த விலையில் இத்தனை பைசா ‘மைனஸ்’ என்று கழித்துத்தான் வாங்கினார்கள். இதனால் பத்திரிகையில் ஒரு விலை, பண்ணையாளர் கையில் வந்த விலை வேறு. சிறு பண்ணையாளர்கள் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், விற்பவர்கள் ஒன்றுகூடி விலை வைப்பது வாங்குபவருக்கு எப்படி நியாயமாகும் என்ற கேள்வியும் உண்டு. விலையைச் செயற்கையாக உயர்த்த மூட்டை மூட்டையாகப் பதுக்கிவைக்க முட்டை வெங்காயம் அல்ல என்பதே குழுவின் பக்கத்து வலுவான பதில். அந்தப் பதில் பெருமளவு சரிதான். நாள்பட அடுக்கி வைத்தால் அழுகுகிற சரக்கில் எந்தக் கூட்டணிக்கும் சில நாளுக்கு மேல் விலையைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

முட்டைக் குழு உருவான அதே 1982இல், ஜூலையில், எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது தற்செயல்தான் என்றாலும், இரண்டும் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தொடக்கத்தில் சத்துணவில் முட்டை இல்லை. 1989இல் கருணாநிதி அரசு இரு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுத்தது. 1998இல் அது வாரம் ஒன்றானது. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். செல்லூரின் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு, வீட்டில் கிடைப்பதைவிட அதிக முட்டை பள்ளியில் கிடைத்தது. பண்ணைகளுக்கு வேறொரு லாபம். அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி நிலையான விலையில் பல லட்சக்கணக்கில் வாங்குவதால், சந்தை படுத்தாலும் ஒரு பகுதி சரக்கு போய்க்கொண்டே இருக்கும். கோடை விடுமுறையில் அந்தத் தேவை அப்படியே நின்றுவிடும்.

மதுரையில் முட்டையின் பெரிய வாடிக்கையாளர் இரவுக்கடை. முட்டைப் பரோட்டா, கொத்துப் பரோட்டா, சால்னா ஊற்றி அரைவேக்காட்டில் எடுக்கும் கலக்கி, தோசையின் மேல் முட்டையை ஊற்றிக் கறியைப் பரப்பும் கறிதோசை என்று தோசைக்கல் ஓயாமல் முட்டை தின்னும் ஊர் இது. கோரிப்பாளையம், செல்லூர்ச் சாலை, தத்தனேரிப் பக்கத்துச் சிறு கடைகூட தினம் பல அட்டை வாங்கும். ஓர் அட்டைக்கு 30 முட்டை. நாமக்கல்லில் விலை ஐந்து பைசா, பத்துப் பைசாவாக ஏறும். இரவுக்கடைப் பலகையில் ஆம்லெட் விலை ஐந்து ரூபாயாகவே ஏறும். பண்ணை விலை இறங்கினால் பலகை இறங்காது. மளிகைக்கடையில் அப்படியில்லை: அடுத்த கடை ஐம்பது பைசா குறைத்தால் தெருவே அங்கே போய்விடும் என்பதால் விலை இறங்கும்போது கடைக்காரரும் இறக்குகிறார். ஆகவே முட்டை விலையேற்றத்தின் நிலையான தடம் தேட வேண்டிய இடம் மளிகைக்கடை இல்லை, பரோட்டாக்கடை.

வாங்கும் முறையும் விலையேற்றத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. பருப்பையும் எண்ணெயையும் மாதச் சாமானாக வாங்குகிறவர்கள்கூட முட்டையை இரண்டு, மூன்று என்று அன்றன்று வாங்குவார்கள். நெசவுக்கூலி வாரக் கணக்கில் வரும் வீடுகளில் இது இன்னும் அதிகம். ஒற்றை ஒற்றையாக விலை கேட்டு வாங்கும் பண்டத்தில் ஐம்பது பைசா ஏற்றம் அன்றே நாக்கில் வந்து விழும்.

பருவத்தோடு முட்டை விலை ஆடும் விதம் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை ஒட்டியது. புரட்டாசியில் பெருமாளுக்காக அசைவம் விடுகிற வீடுகள் அதிகம். அப்போது விலை தாழும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவோரால் தமிழ்நாட்டில் விற்பனை குறைந்தாலும் விலை விழுவதில்லை. வட இந்தியாவில் குளிர் தொடங்கி அங்கே முட்டை தின்பது கூடும். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பேக்கரிகள் வாங்கும். நாமக்கல்லின் பழைய வாடிக்கையான கேரளமும் அப்போது அதிகம் கேட்கும். கோடையில் வெயில் தாங்காமல் கோழி தீனி எடுப்பது குறையும், முட்டை சிறுக்கும், கோழி சாகவும் செய்யும். உற்பத்தி குறைந்தாலும் வெயிலில் முட்டை சூடு என்று வாங்குவோரும் குறைவதால் இரண்டும் ஓரளவு சமன்படும்.

பஞ்சாங்கத்துக்கு அடங்காதது தீனி. ஒரு முட்டையின் அடக்க விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீனிதான்; அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தது சோயாப் புண்ணாக்கு. 2018இல் அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் புகுந்து பெரும் சேதம் செய்தது. பெரம்பலூரிலும் விருதுநகரிலும் கதிர் போனதன் கணக்கு நாமக்கல் வழியாகச் செல்லூருக்கு வந்தது. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்து கொள்ள ஒன்றிய அரசு அனுமதிக்க வேண்டிவந்தது. அதன்பின் வந்த புதிய போட்டியாளர் எத்தனால் ஆலை. பெட்ரோலில் கலக்க மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பது பெருகிய பிறகு, கோழியும் காரும் ஒரே தானியத்துக்கு நிற்கின்றன. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் நிகர இறக்குமதியாளராக மாறியது.

விலை சரிந்த காலங்கள் பொதுநினைவில் தங்குவதில்லை. வாங்குகிறவருக்குப் புகார் இல்லையே. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும் நோயே இல்லாத நாமக்கல்லின் முட்டையையும் மக்கள் ஒதுக்கினார்கள், வளைகுடா நாடுகள் வாங்குவதை நிறுத்தின. 2020 மார்ச்சில் கொரோனா கோழியால் பரவுகிறது என்ற வதந்தியும், அதன் பின்னாலேயே வந்த ஊரடங்கும் சேர்ந்து பண்ணை விலையை 2 ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்தன. அப்போது ஒரு முட்டையின் அடக்க விலை அதைவிட மிக அதிகம். இப்படி அடிவாங்கிய பண்ணையாளர் முதலில் செய்வது வயதான கோழிகளைக் கழிப்பதும் புதுக்குஞ்சு விடாமல் இருப்பதும்தான். அதனால் பெரும் சரிவு ஒவ்வொன்றுக்கும் சில மாதம் கழித்து ஒரு விலையேற்றம் பின்தொடர்ந்திருக்கிறது.

பண்ணை விலை 5 ரூபாயைத் தாண்டியது 2017 நவம்பரில். அப்போது 5 ரூபாய் 16 பைசா வரை போனது. அதன் பிறகு ஏற்றங்களுக்குக் கடல் தாண்டிய காரணங்களும் சேர்ந்தன. நாமக்கல் முட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்குப் போவது பழைய வழக்கம். 2022 இறுதியில், உள்நாட்டுத் தட்டுப்பாட்டில் தவித்த மலேசியாவும் நாமக்கல்லில் வாங்கத் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியில் கோழித்தீனி வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்த இலங்கை 2023இல் இந்திய முட்டையை இறக்கி முதலில் பேக்கரிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கில் கோழிகள் அழிக்கப்பட, 2025 மார்ச்சில் அங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது. அந்த ஜூனில் நாமக்கல்லிலிருந்து சுமார் 1 கோடி முட்டை அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆகஸ்டில் அமெரிக்கா சுங்கவரியை உயர்த்தியதும் அந்த வணிகம் தடைபட்டது. நாமக்கல் மண்டலத்தில் தினமும் 5 கோடிக்கும் மேல் முட்டை உற்பத்தியாவதை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்றுமதி சிறு பங்குதான். செல்லூர்க் கடைவிலைக்கு அதுவே காரணம் என்று பழிபோடுவது மிகை. தட்டுப்பாடான நாளில் அது கடைசிப் பத்துப் பைசாவை ஏற்றலாம்.

பின்னணியில் நடந்த பெரிய மாற்றம் வேறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினங்களோடு தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம் பெற்றது. 2023–24இல் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடி, ஆளுக்கு 103. ஆண்டுக்கு 180 முட்டை சாப்பிடலாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. ஆட்டுக்கறியும் மீனும் கைக்கு எட்டாமல் போன வீடுகளில் அந்த இடத்துக்கு முட்டை வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து தின்ற காலத்தில் யாரும் பேசாத முட்டை விலையை இன்று எல்லாரும் பேசுவதற்கு விலை ஏறியது மட்டும் காரணம் அல்ல.

2025 நவம்பரில் நாமக்கல் பண்ணை விலை முதல்முறையாக 6 ரூபாயைத் தாண்டியது. செல்லூரில் சில்லறை விலை 7 ரூபாய்க்கு மேல் போனது. வட இந்தியக் குளிர்காலத் தேவை ஏறிய நேரத்தில் உற்பத்தி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இப்படி விலை ஏறும்போது பண்ணையாளர்கள் குஞ்சு விடுவதைக் கூட்டுவார்கள். ஆனால் லேயர் குஞ்சு முட்டையிட 18 முதல் 20 வாரம் ஆகும். நவம்பர் விலையை நம்பி விட்ட குஞ்சு ஏப்ரலில்தான் முழு அளவில் முட்டையிடத் தொடங்கும். ஏப்ரல் கடைசியில் சத்துணவு மையங்கள் கோடை விடுமுறைக்கு மூடப்படுகின்றன.